சாக்பீஸ் நின்று யோசிக்கும் இடம்

முக்கோணவியல் என்றதும் சங்கரன்கோவில்காரர் கண்முன்னால் முதலில் வந்து நிற்பது சங்கரநாராயண சுவாமி கோயிலின் ராஜகோபுரமாகத்தான் இருக்கும். கோபுரத்தடியிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறோம், உச்சியைப் பார்க்கும் ஏற்றக்கோணம் இத்தனை பாகை, உயரம் என்ன? பத்தாம் வகுப்புப் பாடத்தின் உயிர் இந்தக் கணக்குதான். சின்னக் கணக்கு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் முக்கோணவியல் அளவை இதே கணக்கை நாடு முழுக்க விரித்ததுதான். மேடு இல்லாத தஞ்சைச் சமவெளியில் அவருடைய ஆட்கள் கோயில் கோபுரங்களின் மேல் நின்றே கோணம் பார்த்தார்கள். ஆனால் கல்லூரியிலும் இதையே இன்னும் கொஞ்சம் கடினமாக நடத்துவார்கள் என்று எண்ணி பி.எஸ்சி. கணிதத்தில் சேரும் பிள்ளைகள் சீக்கிரமே திகைத்துப்போகிறார்கள். அங்கே கோபுரம் இல்லை, நிழல் இல்லை, முக்கோணத்தைப் பார்ப்பதே அபூர்வம். பாடத்தின் பெயர் மாறவில்லை, கேள்வி மாறிவிட்டது. ‘எவ்வளவு?’ என்று கேட்ட பாடம் இப்போது ‘ஏன்?’ என்று கேட்கிறது. இந்த மாற்றத்தைப் புத்தகத்தாலும் திரையாலும் மட்டும் கடக்க முடியாது, கரும்பலகைக்கு எதிரே உட்கார்ந்துதான் கடக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களையும், முதலாண்டு மாணவருக்கு உதவக்கூடிய சில யோசனைகளையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில், பி.எஸ்சி. கணிதத்தின் முதல் பருவத்திலேயே ‘இயற்கணிதமும் முக்கோணவியலும்’ என்ற தாள் இருக்கிறது. திருநெல்வேலியின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நம் பகுதிக் கல்லூரிகளில் அலகுகளின் வரிசையில் சிற்சில வேறுபாடு இருந்தாலும் உள்ளடக்கம் பெரும்பாலும் இதுதான். ஐந்து அலகுகளில் முதல் மூன்றும் சமன்பாடுகள், தொடர்களின் கூட்டல், அணிகள் என்று இயற்கணிதத்துக்குப் போய்விடும். முக்கோணவியல் வருவது நான்காம், ஐந்தாம் அலகுகளில். பாடத்திட்டத் தாளில் கண்ணில் படாத ஒரு சங்கடம் இதில் இருக்கிறது. முதலாண்டுச் சேர்க்கை முடிந்து வகுப்பு சூடுபிடிக்கவே நாளாகும். பிறகு அகமதிப்பீட்டுத் தேர்வுகள், விடுமுறைகள். கடைசி இரண்டு அலகுகளுக்குப் பொதுவாக மிஞ்சுவது தீபாவளியை ஒட்டிய அவசர வாரங்கள்தான். தாளிலேயே மிகப் புதிய பகுதி மிகக் குறைந்த நேரத்தில் நடக்கிறது. ‘முக்கோணவியல் கஷ்டம்’ என்று பிள்ளைகள் சொல்லும்போது அதில் பாதி, பாடம் வந்து சேரும் காலத்தின் கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். முதல் மூன்று அலகுகள் நடக்கும் மாதங்களிலேயே நான்காம் அலகைத் தினமும் ஒரு பக்கமாவது புரட்டி வருகிறவருக்கு அந்த அவசரம் உறைக்காது.

இனி உள்ளே போவோம். நான்காம் அலகில் ஒரு வழக்கமான கணக்கு: கொசைன் தீட்டாவின் ஆறாம் அடுக்கை, தீட்டாவின் மடங்குகளுடைய கொசைன்களாக விரித்து எழுத வேண்டும். கொசைன் தீட்டாவோடு கற்பனை அலகால் பெருக்கிய சைன் தீட்டாவைக் கூட்டி அதற்கு ஒரு பெயர் வைக்கிறோம். அதையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் இரண்டு கொசைன் தீட்டா வருகிறது. இதை ஆறாம் அடுக்குக்கு உயர்த்தி ஈருறுப்புத் தேற்றத்தால் விரித்தால் கெழுக்கள் 1, 6, 15, 20, 15, 6, 1. இரு ஓரங்களிலிருந்தும் ஜோடி ஜோடியாகச் சேர்க்கிறோம், நடுவிலுள்ள 20 மட்டும் ஜோடியில்லாமல் நிற்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் இரண்டால் வகுக்கும்போது இடப்பக்கம் கொசைனின் ஆறாம் அடுக்கின் 32 மடங்கு. வலப்பக்கம் கொசைன் ஆறு தீட்டா, கொசைன் நான்கு தீட்டாவின் 6 மடங்கு, கொசைன் இரண்டு தீட்டாவின் 15 மடங்கு, பிறகு ஒரு 10. இந்தப் பத்தை இருபது என்று எழுதிவிடுவது இந்தக் கணக்கில் எளிதில் நேரும் பிழை. ஜோடி சேரும்போது மற்ற உறுப்புகள் இரட்டிப்பாகின்றன, நடு உறுப்பு இரட்டிப்பாவதில்லை. ஆகவே வகுக்கும்போது அது மட்டும் பாதியாகக் குறைகிறது. இந்த ஒரு வாக்கியத்தைப் புத்தகம் அச்சிடுவதில்லை, விடையை மட்டும்தான் அச்சிடுகிறது. பலகையில் எழுதும் ஆசிரியரோ அந்த இடத்துக்கு வந்ததும் சாக்பீஸை நிறுத்துவார். நல்ல ஆசிரியராக இருந்தால் வேண்டுமென்றே இருபது என்று எழுதிவிட்டு, தீட்டாவுக்குப் பூஜ்யம் போட்டுப் பார்க்கச் சொல்வார். இடப்பக்கம் 32, வலப்பக்கம் ஒன்றும் ஆறும் பதினைந்தும் இருபதும் சேர்ந்து 42. எங்கேயோ தப்பு. பத்து என்று திருத்தினால் இரு பக்கமும் 32.

கல்லூரி முக்கோணவியல் கற்றுத்தருவதன் சாரமே இந்தச் சில வினாடிகளில் இருக்கிறது என்பேன். சூத்திரம் தெரிந்தால் மட்டும் போதாது. எழுதிய விடையைச் சந்தேகிக்கவும், சந்தேகம் வந்தால் சோதிக்கவும், சோதனை பொய்த்தால் பிழை எந்த வரியில் புகுந்தது என்று பின்னோக்கி நடக்கவும் தெரிய வேண்டும். தீட்டாவுக்குப் பூஜ்யமோ தொண்ணூறு பாகையோ போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. கொசைன் ஐந்து தீட்டாவை கொசைனின் அடுக்குகளாக எழுதினால் கெழுக்கள் 16, கழித்தல் 20, கூட்டல் 5. பூஜ்யம் போட்டால் ஒன்று வர வேண்டும், வருகிறது. ஒவ்வொரு விரிவுக்கும் இந்தச் சோதனையை ஓரத்தில் பென்சிலால் செய்யும் பழக்கம் ஒன்று போதும், தேர்வில் பாதிப் பிழைகள் வாசலிலேயே நின்றுவிடும். சோதனை எல்லாப் பிழையையும் பிடித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பூஜ்யத்தில் சைன் பூஜ்யமாகிவிடுவதால் சைன் விரிவுக்கு அந்த மதிப்பு உதவாது, அங்கே தொண்ணூறு பாகை வேண்டும். எந்தக் கணக்குக்கு எந்த மதிப்பு என்று தேர்ந்தெடுப்பதும் பார்த்துப் பழக வேண்டிய கைவேலைதான். விசைத்தறியில் அறுந்த நூலைக் கண்டு முடிபோடுவது போல: எழுதிவைத்துக் கற்பிக்கலாம், ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கே கை வரும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். இந்தப் பாடங்கள் எல்லாமே யூடியூபில் தமிழிலேயே கிடைக்கின்றன. நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கல்லூரி ஆசிரியரைவிடத் தெளிவாகச் சொல்பவர்களும் அதில் உண்டு. பிறகு எதற்கு நேரில் போய் உட்கார வேண்டும்? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஒரு நிரூபணத்தை மூன்றாம் முறை கேட்க வேண்டிய மாணவருக்குக் காணொளி பெரிய துணை, அதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காணொளியில் வருவது முடிந்த கணக்கு. பேசுபவர் முன்பே போட்டுப் பார்த்து, தடுமாறிய இடங்களை வெட்டிவிட்டு, வழுக்கிக்கொண்டு போகும் வடிவத்தைத் தருகிறார். பார்ப்பவருக்கு ‘புரிந்துவிட்டது’ என்ற நிறைவு வருகிறது. பேனாவை எடுத்ததும் முதல் வரியே ஓடுவதில்லை. புரிந்தது விடை, அதை அடையும் வழியை ஏன் தேர்ந்தார் என்பது புரியவில்லை. வகுப்பில் ஆசிரியர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். நாற்பது முகங்களில் பத்து சுருங்கினால் அந்த வரிக்குத் திரும்பி வருகிறார். 2020இல் கல்லூரிகள் மூடிக்கிடந்து பாடங்கள் கைபேசிக்குள் போனபோது காணாமல் போனது இந்த முகம் பார்த்தல்தான். ஆகவே யோசனை இது: காணொளியை வகுப்புக்குப் பிறகு பாருங்கள், வகுப்புக்குப் பதிலாகப் பார்க்காதீர்கள். வகுப்பில் ஆசிரியர் அடுத்த வரியை எழுதுவதற்கு முன்பே அது என்னவாக இருக்கும் என்று நோட்டில் ஊகித்து எழுதிவிடுங்கள். தப்பாகப் போனால் அடிக்காமல் அப்படியே விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். பருவத்தின் கடைசியில் நீங்கள் படிக்க வேண்டிய முதல் பகுதி அந்தத் தப்பான வரிகள்தான்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று கும்பகோணத்திலிருந்து வரும். ராமானுஜன் யாரிடம் போய் முக்கோணவியல் கற்றார்? பள்ளி மாணவராக இருந்தபோதே, அண்டை வீட்டில் பி.ஏ. படித்த ஒருவரிடமிருந்து எஸ்.எல். லோனியின் முக்கோணவியல் நூலின் இரண்டாம் பாகத்தை இரவல் வாங்கித் தாமாகவே படித்து முடித்தவர் அவர். இன்றைய நான்காம், ஐந்தாம் அலகுகளின் சரக்கு அந்த இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. சைன், கொசைன் பற்றிய ஆய்லரின் முடிவைத் தாமாகவே கண்டுபிடித்து, அது முன்பே நிறுவப்பட்டது என்று தெரிந்தபோது அந்தத் தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்தார் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். தனியாகப் படிப்பதற்கு இதைவிட ஓர் உச்சம் கிடையாது. ஆனால் அந்தக் கதையிலேயே எனக்கான சாட்சியும் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் அருகில் இருந்திருந்தால், ஓர் இளைஞன் கண்டுபிடித்ததைக் கூரையில் மறைக்கும் நிலை வந்திருக்காது. பிற்காலத்தில் அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு முதல் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில். கடிதங்கள் போய் வந்தன, முடிவுகள் பரிமாறப்பட்டன. நிரூபணம் என்ற இடத்தில் கடிதம் தடுக்கியது. ஹார்டி கேட்டதும் ராமானுஜன் அனுப்பியதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1914இல் அவர் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் போய், ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்த பிறகே அந்தக் கூட்டுழைப்பு கனிந்தது. அவ்வளவு பெரிய மேதைக்கே ‘ஏன்’ என்ற கேள்வியைப் பேசி முடிக்க ஒரு மனிதர் எதிரே தேவைப்பட்டார்.

ஐந்தாம் அலகில் வருவது இன்னும் அழகான பகுதி. கொசைன்களை வரிசையாகக் கூட்டிய ஒரு தொடர் கொடுக்கப்படுகிறது, அதன் கூட்டலைக் காண வேண்டும். நேராக மோதினால் வழி கிடைக்காது. அதே வரிசையில் சைன்களைக் கொண்ட இன்னொரு தொடரை நாமே எழுதி, அதைக் கற்பனை அலகால் பெருக்கி முதல் தொடரோடு சேர்த்துவிட்டால், இரண்டும் கலந்த அந்த ஒரே உருவம் பெருக்குத் தொடராகவோ அடுக்குக்குறித் தொடராகவோ மாறி எளிதில் கூடிவிடும். பிறகு மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் பிரித்தால் கேட்ட விடையும் கிடைக்கும், கேட்காத விடையும் கிடைக்கும். சங்கரனையும் நாராயணனையும் ஓருருவில் காணக் கோமதியம்மன் தவமிருந்ததை ஆண்டுதோறும் ஆடித்தபசாகக் கொண்டாடும் ஊர் இது. இரண்டைத் தனித்தனியே பார்த்தால் விளங்காதது, ஒன்றாகப் பார்த்தால் விளங்கும் என்ற கருத்துக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்நியர்கள் இல்லை. கேட்காத சைன் தொடரை எதற்காக எழுதுகிறோம் என்று ஆசிரியர் ஒரு முறை நிறுத்திச் சொன்னால் போதும், அந்த முறை ஆயுசுக்கும் மறக்காது. சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இங்கே வரலாறும் கொஞ்சம் வேண்டும், ஏனென்றால் நம் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்வதில்லை. டேன்ஜென்டின் நேர்மாறைத் தொடராக விரிப்பதற்கு கிரிகோரி தொடர் என்று பெயர். ஜேம்ஸ் கிரிகோரி அதைக் கண்டது 1671இல். அதற்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, நம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், சங்கமகிராமத்து மாதவன் அந்தத் தொடரையும் சைன், கொசைன் தொடர்களையும் அறிந்திருந்தார். அவருடைய மரபில் வந்த ஜேஷ்டதேவன் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய ‘யுக்திபாஷா’ இந்த முடிவுகளைக் காரணங்களோடு விளக்குகிறது. வடமொழியில் அல்லாமல் மலையாளத்தில் எழுதப்பட்ட நூல் அது. பெயரிலேயே யுக்தி இருக்கிறது. குருவின் எதிரே உட்கார்ந்து காரணம் கேட்டுக் கற்ற ஒரு மரபு, அதைத் தன் சொந்த மொழியில் எழுதி வைத்தது. அதனால்தான் பிற்காலத்தார் அதை முடிவுகளின் பட்டியலாகப் பார்க்காமல் கணிதமாகப் பார்க்கிறார்கள்.

மொழி என்றதும் நம் வட்டாரத்தின் பெரிய சிக்கலைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவருக்கு முற்றொருமை, கலப்பெண், நேர்மாறுச் சார்பு, அதிபரவளையம் எல்லாம் தெரியும். கல்லூரியில் அதே பொருள்கள் ஆங்கிலப் பெயரோடு வரும்போது, தெரிந்த ஆளைத் தெரியாத ஆள் என்று நினைத்துத் தயங்குகிறார். இது கணிதக் குறைபாடு இல்லை, பெயர்க் குழப்பம். நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தி போட்டு, ஒவ்வொரு புதிய சொல்லுக்கும் எதிரே பள்ளிப் புத்தகத்துச் சொல்லை எழுதி வாருங்கள். இரண்டு அலகுகளுக்கும் சேர்த்து ஐம்பது சொல்லைத் தாண்டாது. சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள். கேள்வியை ஆங்கிலத்தில் அமைக்கத் தெரியாததால் கேட்காமலே விட்ட கேள்விகள்தான் பின்னால் அரியர்களாகத் திரும்பி வருகின்றன. பாளையங்கோட்டை நியூ காமா வெளியீட்டின் ஆறுமுகம், ஐசக் புத்தகங்களும், நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை எழுதிய பழைய முக்கோணவியல் நூலும் எளிய ஆங்கிலத்தில் உள்ளவை. நூலகத்திலிருந்து எடுத்த இவற்றில் ஒன்று கையில் இருந்தால் போதும், ஐந்து நோட்ஸ் ஜெராக்ஸ் வேண்டாம்.

ஜெராக்ஸ் என்றதும் தேர்வு நினைவுக்கு வரும். ‘கேட்ட கேள்வியைத்தானே திரும்பக் கேட்கிறார்கள், பழைய வினாத்தாள் ஐந்தை மனப்பாடம் செய்தால் 75க்கு நல்ல மதிப்பெண் வந்துவிடும், அகமதிப்பீட்டு 25 எப்படியும் கிடைக்கும்’ என்பார்கள். திரும்பக் கேட்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் எண்ணை மாற்றிக் கேட்கிறார்கள். சைன் தீட்டாவைத் தீட்டாவால் வகுத்தால் 5046இல் 5045 பங்கு வருகிறது, தீட்டா ஏறத்தாழ 1 பாகை 58 நிமிடம் என்று காட்டுக என்பது பழைய கணக்கு. விடையை நெட்டுருப் போட்டவருக்கு எண் மாறியதும் கை நின்றுவிடும். காரணம் தெரிந்தவர் என்ன பார்க்கிறார்? சைன் தொடரின் முதல் இரண்டு உறுப்புகள் போதும். தீட்டாவின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு, 5046இல் ஒரு பங்குக்குச் சமம். 5046ஐ ஆறால் வகுத்தால் 841, அது 29இன் வர்க்கம். ஆகவே தீட்டா 29இல் ஒரு பங்கு ரேடியன். கணக்கைச் செய்தவர் 29இலிருந்து தொடங்கி 5046க்கு வந்திருக்கிறார் என்பது புரிந்துவிட்டால், எண்ணை எப்படி மாற்றினாலும் பயமில்லை. விடை முதலில் ரேடியனில்தான் வரும், பாகைக்கு மாற்றுவது கடைசி வேலை. கல்லூரியில் எல்லாத் தொடர்களும் ரேடியனில்தான் உண்மை. கால்குலேட்டரை எடுத்ததும் அது பாகையில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்ப்பது, தறியை ஓட்டும் முன் பாவு நூலைப் பார்ப்பது போன்ற பழக்கமாக வேண்டும்.

வாழ்க்கையில் இது எங்கே பயன்படும் என்ற கேள்விக்கு இந்த ஊரிலேயே பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. விசைத்தறிக் கூடத்துக்கு வரும் மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகளும் மூன்று சைன் அலைகள். ஒன்றுக்கொன்று 120 பாகை பின்தங்கியவை. ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு முனைகளுக்கிடையே 400 வோல்ட். இரண்டு 230 சேர்ந்தால் 460 ஆக வேண்டாமா? 120 பாகை இடைவெளியுள்ள இரண்டு சைன்களைக் கழித்தால் ரூட் மூன்று மடங்கு வருகிறது, 230ஐ ரூட் மூன்றால் பெருக்கினால் 398. பதினோராம் வகுப்பில் படித்த சைன் கழித்தல் சைன் சூத்திரம் அது. மூன்று அலைகளையும் கூட்டினால் எந்த நொடியிலும் பூஜ்யம். சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் மின்னோட்டம் இல்லாததற்கு அதுதான் காரணம். இது ஐந்தாம் அலகின் தொடர்க் கூட்டலுக்கு மிகச் சிறிய உதாரணம்.

கடைசியாக, நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாத ஒரு மறுப்பு. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் காலைப் பேருந்து தவறினால் முதல் மணி வகுப்பு போயிற்று. அறுவடைக் காலத்திலும் வீட்டில் தறி ஓட்ட ஆள் இல்லாத நாளிலும் வர முடியாது. நேரில் வா என்று சொல்வது அவர்களுக்கு எளிய அறிவுரை இல்லை. கணக்கு வகுப்பை முதல் மணியில் வைக்காமல் இருப்பதும், வாரத்தில் ஒரு மதியம் சந்தேகங்களுக்கென்று ஒதுக்குவதும் துறைகள் செய்யக்கூடிய காரியம். செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாணவர் தரப்பில், வகுப்பு தவறிய நாளில் நண்பரின் நோட்டைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், அவரையே பத்து நிமிடம் உட்காரவைத்து ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கும் அவருக்கும் அதில் லாபம் உண்டு.

இந்த ஆண்டு சேரப்போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் மூன்றாம் பாடம் முக்கோணவியல், பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் பாடம் கலப்பெண்கள். நான்காம் அலகின் விரிவுகளுக்கு அடிப்படையான டி மாய்வர் தேற்றம் அதில்தான் இருக்கிறது. புத்தகங்களைப் பழைய விலைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த இரண்டு பாடங்களின் பயிற்சிக் கணக்குகளையும் ஒரு முறை போட்டுவிட்டு, நின்றுபோன கணக்குகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, முதல் நாள் அந்தத் தாளோடு வகுப்புக்கு வாருங்கள்.